காப்புக் கட்டினால் அவிழ்க்கவும் வேண்டும்: ஆளுதல்–அடங்குதல் விளையாட்டில் சடங்கு, புதிதாக வருபவர்களுக்கு

தென் ஆப்பிரிக்காவின் டர்பன் நகரில், சட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. உள்ளே ஒரு வெள்ளி வளையம், மடித்து வைத்த நீலத் துண்டு, ஒரு பித்தளை டம்ளர். பி.டி.எஸ்.எம். என்றதும் பலருடைய மனதில் வருவது கறுப்புத் தோல் உடையும் சங்கிலியும் சாட்டையும். எனக்கும் என் துணைவருக்கும் அது இந்த டின்னுக்குள் அடங்கிவிடும்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. வேலைக்காக டர்பன் வந்து 11 வருடம் ஆகிறது. அவர் இங்கேயே பிறந்தவர், நான்காம் தலைமுறை. புதிதாக இதில் ஆர்வம் வந்து, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தவிக்கிற தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். அன்று எங்களுக்கு இப்படி ஒருவர் சொல்லியிருந்தால் ஒரு பெரிய தவறைத் தவிர்த்திருப்போம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கட்டுதல், கண்டிப்பு, ஆளுதல், அடங்குதல், வலியைக் கொடுப்பதிலும் வாங்குவதிலும் கிடைக்கும் இன்பம், இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பொதுப்பெயர்தான் பி.டி.எஸ்.எம். வயது வந்தவர்கள் தெரிந்து, விரும்பி, எந்த நொடியிலும் நிறுத்தலாம் என்ற உறுதியோடு செய்தால் மட்டுமே அதற்கு அந்தப் பெயர். இல்லாவிட்டால் அது வன்முறை. நமக்கு ஏதோ கோளாறு என்று பயப்படவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022-இல் நடைமுறைக்கு வந்த 11-ஆம் பதிப்பு, சம்மதத்தோடு நடக்கும் இதை நோயாகக் கணக்கில் எடுப்பதில்லை.

சடங்கு எதற்கு?

டர்பனில் தைப்பூசக் காவடி பார்த்திருப்பீர்கள். பத்து நாள் விரதம், மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றுக் காப்பு, அப்புறம் காவடி. காப்புக் கட்டிய ஆள் அந்த நாட்களில் வேறு ஆளாக நடந்துகொள்வார். சாப்பாடு வேறு, பேச்சு வேறு. எல்லாம் முடிந்ததும் காப்பை அவிழ்ப்பார்கள். மறுநாள் அவர் பழையபடி கடைக்குப் போவார், டாக்ஸிக்காரரிடம் சில்லறைக்குச் சண்டை போடுவார். இந்தப் பேச்சில் கோயிலை ஏன் இழுக்கிறாய் என்று கோபப்படாதீர்கள். சடங்கு மனிதனை என்ன செய்கிறது என்று நான் கண்ணால் பார்த்துக் கற்ற இடம் அதுதான். சாதாரண நேரத்துக்கும் சாதாரணமல்லாத நேரத்துக்கும் நடுவில் அது ஒரு வாசல் வைக்கிறது. உள்ளே போக ஒரு வழி, வெளியே வர ஒரு வழி.

நம் விளையாட்டிலும் அந்த வாசல் தேவை. காலையில் இட்லி ஏன் கல் மாதிரி இருக்கிறது என்று கேட்ட அதே மனிதர் ராத்திரி உங்கள் முன்னால் மண்டியிடுகிறார். நடுவில் ஒன்றும் இல்லையென்றால் ஒன்று சிரிப்பு வரும், இல்லையென்றால் காலையில் மிச்சமிருந்த கோபம் ராத்திரிக்குள் கசிந்து வரும். இரண்டாவதுதான் ஆபத்து.

இன்னொரு நன்மை, வேகம் குறைவது. வேகத்தில் ஓடும் குதிரைக்கு எதிரே உள்ள குழியோ கம்பமோ தெரியாது, காம வேகமும் அப்படித்தான் என்கிறது காமசூத்திரம். கலவியின் வேகத்தில் அடித்து சித்திரசேனை என்ற கணிகையைக் கொன்றுவிட்ட ஒரு சோழ அரசனின் கதையும் அதே இடத்தில் வருகிறது. ஒவ்வொன்றையும் நின்று, கேட்டு, முறையாகச் செய்கிறவருக்கு அந்தக் குருட்டு வேகம் எளிதில் வராது.

முதலில் பேச்சு, அதுவும் பகலில்

விளையாடப் போகும் நாளுக்குச் சில நாள் முன்பே, உடை உடுத்தி, டீ குடித்துக்கொண்டு, சமமாக உட்கார்ந்து பேசுங்கள். ஆளுகிறவர், அடங்குகிறவர் என்ற வேடம் எதுவும் அப்போது வேண்டாம். ஆளுக்கொரு தாளில் மூன்று பத்தி போட்டு எழுதுங்கள்: இது பிடிக்கும், இதை யோசிக்கலாம், இது எந்தக் காலத்திலும் வேண்டாம். மூன்றாவது பத்தியில் இருப்பதற்குக் காரணம் கேட்கக் கூடாது.

உடம்பைப் பற்றிக் கட்டாயம் பேசுங்கள். நம்மவர்களில் சர்க்கரை நோய் இல்லாத குடும்பம் அரிது. சர்க்கரை இருப்பவருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். வெறுங்காலில் நிற்க வைப்பதும் நீண்ட நேரம் மண்டியிட வைப்பதும் அவருக்குப் புண்ணாக முடியும். சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம், அதனால் விரதம் மாதிரியான ஆசைகளை அவர் விட்டுவிட வேண்டும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை, ஆஸ்துமா, பழைய முழங்கால் வலி எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். மதுவும், இங்கே டகா என்று சொல்லும் கஞ்சாவும் அன்றைக்கு வேண்டாம். வீட்டுக்குள் தனிப்பட்ட முறையில் டகா புகைப்பதைக் குற்றமாக்க முடியாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2018-இல் சொன்னது உண்மைதான். ஆனால் வலியும் சம்மதமும் சரியாகத் தெரிய வேண்டிய நேரத்தில் மூளை தெளிவாக இருக்க வேண்டும்.

அப்புறம் நிறுத்துச் சொல். சேஃப் வேர்ட் என்பார்கள். பச்சை என்றால் நன்றாக இருக்கிறேன், மஞ்சள் என்றால் குறை அல்லது மாற்று, சிவப்பு என்றால் எல்லாமே அந்த நொடியில் நிற்கும். போக்குவரத்து விளக்கு யாருக்கும் மறக்காது. “வேண்டாம்” என்பது நாடகத்தின் ஒரு பகுதி, உண்மையில் நிறுத்த வேறு சொல் என்று பழகியவர்கள் சிலர் வைத்துக்கொள்வார்கள். புதியவர்கள் அப்படிச் செய்யாதீர்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன். தமிழில் பயந்தாலும் வலித்தாலும் முதலில் வாயில் வருவது “ஐயோ, வேண்டாம், போதும்” தான். குறைந்தது முதல் வருடத்துக்காவது “வேண்டாம்” என்றால் வேண்டாம்தான். வாயால் பேச முடியாத நிலை வரலாம் என்றால் கையில் ஒரு சாவிக்கொத்தைக் கொடுத்துவிடுங்கள். அது கீழே விழும் சத்தம்தான் சிவப்பு.

எந்தச் சடங்கும் இந்தச் சொல்லுக்கு மேலே கிடையாது. மண்டியிட்டுச் சத்தியம் செய்திருக்கலாம், பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கலாம், அடங்குவதன் அடையாளமாகக் கழுத்தில் காலர் என்ற பட்டை இருக்கலாம். சிவப்பு என்றால் எல்லாம் முடிந்தது.

வாசல் வைப்பது

தொடக்கத்துக்கு ஒரே ஒரு பொருளும் ஒரே ஒரு செயலும் போதும். முதல் நாளே பத்துப் படிச் சடங்கு வைத்தால் அடுத்தது என்ன என்று ஞாபகப்படுத்துவதிலேயே நேரம் போய்விடும்.

எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன். நீலத் துண்டைத் தரையில் விரிப்பேன். நான்காக மடித்துத்தான், முழங்காலுக்கு மெத்தென்று இருக்க வேண்டும். அவர் குளித்துவிட்டு வந்து துண்டுக்கு வெளியே நிற்பார். டம்ளரில் தண்ணீர் கொடுப்பேன். பாதி அவர் குடிப்பார், பாதி நான். “இன்றைக்கு உடம்பு எப்படி? மனசு எப்படி? வேண்டாதது ஏதாவது உண்டா?” என்று மூன்று கேள்வி கேட்பேன். பதில் சொன்ன பிறகு அவரே வலது கையை நீட்டுவார். நான் கையை இழுத்து மாட்டுவதில்லை. நீட்டிய கையில் வளையத்தைப் போட்டு, உள்ளே இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்ப்பேன். பிறகுதான் அவர் துண்டின் மேல் கால் வைப்பார்.

ஒரு நாள் அவர் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கையை நீட்டவில்லை. “இன்றைக்கு இல்லை” என்றார். துண்டை மடித்து வைத்துவிட்டு, வாங்கி வந்திருந்த, ரொட்டிக்குள் குழம்பு நிரப்பிய ‘பன்னி சவ்’வை ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டோம். அன்றைக்கு அந்தச் சடங்கு தன் வேலையைச் சரியாகச் செய்தது.

பொருளாக வளையம், கைக்குட்டை, சால்வை எதுவும் ஆகலாம். கழுத்துக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். காலர் அணிவது இந்த வட்டாரங்களில் பெரிய பொருள் உள்ள செயல், ஏறக்குறைய நிச்சயதார்த்தம் மாதிரி. மாதக்கணக்கில் பழகிய பிறகு செய்யலாம். செய்தாலும் அதைப் பிடித்து இழுக்கவோ அதில் கயிறு கட்டவோ கூடாது. கழுத்தை நெரிப்பதில் பாதுகாப்பான முறை என்று ஒன்று இல்லை, அதை விளையாட்டாகக்கூடச் செய்யாதீர்கள். மெழுகுவர்த்தி ஏற்றினால் திரைச்சீலைக்குத் தள்ளி, பக்கத்தில் தண்ணீரோடு. கயிறு பயன்படுத்தினால் மொட்டை முனைக் கத்தரி ஒன்று கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கட்டியவரைத் தனியே விட்டு அறையை விட்டுப் போகக் கூடாது. விரல் மரத்துப்போனால் உடனே அவிழ்க்க வேண்டும்.

தாலி, திருநீறு, கற்பூரம், அர்ச்சனை மந்திரம், இவற்றை இதற்குள் கொண்டுவராதீர்கள் என்பது என் கருத்து. சாமி குற்றம் ஆகிவிடும் என்ற பயத்தில் சொல்லவில்லை. அவற்றுக்கு ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது, அதைப் போட்டுக் குழப்பினால் இரண்டும் கெடும். உங்களுக்கென்று புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்வதில்தான் அழகு இருக்கிறது.

எப்படிக் கூப்பிடுவது

இதில் தமிழ் நமக்குக் கொடுத்திருக்கும் வசதி ஆங்கிலத்தில் கிடையாது. அவருக்குத் தமிழ் அவருடைய ஆயாவிடம் கேட்ட அளவுக்குத்தான் தெரியும். “நீ”, “நீங்க” வித்தியாசத்தை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். வளையம் கையில் ஏறியதும் அவர் என்னை “நீங்க” என்பார், நான் அவரை “நீ” என்பேன். வேறு பட்டம் எதுவும் தேவைப்படவில்லை. “உட்காருங்க” என்று அவர் என்னிடம் முதல் தடவை சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. வீட்டில் எப்போதும் “நீ” போட்டுப் பேசுகிற ஜோடிக்கு இந்த ஒரு மாற்றமே போதுமான சடங்கு.

பட்டப்பெயர் வைத்துக்கொள்ள ஆசையானால் அந்தச் சொல்லின் பழைய கதையையும் பேசிவிடுங்கள். எசமான், ஆண்டை, அடிமை என்ற சொற்கள் நம் ஊரில் சாதியின் வாயிலிருந்து வந்தவை. இந்த நாட்டுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக 1,52,000-க்கும் மேற்பட்டவர்கள் கப்பலில் வந்தார்கள். கரும்புத் தோட்டத்தில் பட்ட கொடுமைகளை ஊர் திரும்பியவர்கள் சொல்லி, அதை விசாரிக்க 1872-இல் ஒரு கமிஷன் உட்கார வேண்டியிருந்தது. சாம்பொக் சாட்டை இனவெறிக் காலத்துப் போலீஸின் கையில் இருந்தது. அதை நேரில் பார்த்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். என் துணைவரின் “வேண்டாம்” பத்தியில் முதல் வரியே சாம்பொக்தான். நான் காரணம் கேட்கவில்லை. ஒரு வருடம் கழித்து அவரே தன் பெரியப்பாவின் முதுகைப் பற்றிச் சொன்னார். வேறு ஒருவருக்கு அதே சொல்லைத் தன் விருப்பத்தோடு கையில் எடுப்பது விடுதலையாக இருக்கலாம். அதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும், ஆளுகிறவர் அல்ல.

நடுவில்

உள்ளே என்ன செய்கிறீர்கள் என்பது உங்கள் இருவர் விஷயம். சடங்கு அங்கே எப்படிக் காவல் நிற்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். எண்ணுவதை எடுத்துக்கொள்ளுங்கள். அடியோ, நிற்கும் நிமிடமோ, ஒவ்வொன்றுக்கும் அடங்குகிறவர் சத்தமாக “ஒன்று, இரண்டு” என்று எண்ணுவது பழைய வழக்கம். பார்க்கிறவருக்கு அது அதிகாரம் மாதிரி தெரியும். எனக்கு அது நாடி பார்ப்பது மாதிரி. குரல் எப்போது மெலிகிறது, எந்த எண்ணில் தடுமாறுகிறது, மூச்சு எங்கே வாங்குகிறது என்பதெல்லாம் அதில் தெரியும். ஒருமுறை அவர் ஆறுக்கு அப்புறம் மறுபடி ஐந்து என்றார். நிறுத்திவிட்டு எதிரில் உட்கார்ந்து நிறம் கேட்டேன். “பச்சை” என்றார், ஆனால் கண் எங்கோ இருந்தது. அன்றைக்கு அங்கேயே முடித்துக்கொண்டோம். சிலர் ஒருவித மயக்கத்துக்குள் போய்விடுவார்கள், வலி தெரியாது, எதைக் கேட்டாலும் சரி என்பார்கள். அந்த நிலையில் வரும் சம்மதத்தை நம்பிப் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். பகலில் டீயோடு பேசியதுதான் எல்லை.

மூடுவது

எங்கள் தவறு இங்கேதான். இரண்டாவது மாதம் என்று நினைக்கிறேன். நடுவில் மின்வெட்டு, அந்த வாரம் ஆறாவதோ ஏழாவதோ. மின்சாரம் போனதும் வீட்டு அலாரம் கத்த ஆரம்பித்தது. காவல் கம்பெனியிலிருந்து போன். எடுப்பதற்குள் ஆயுதத்தோடு வண்டியே கேட்டுக்கு வந்துவிட்டது. நான் ஹவுஸ்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடி, டார்ச் வெளிச்சத்தில் அவர்களுக்குச் சமாதானம் சொல்லி அனுப்பினேன். திரும்பி வந்தபோது அவர் சட்டை போட்டு அடுப்படியில் நின்றிருந்தார். இருவரும் சிரித்தோம், டீ போட்டோம், தூங்கினோம். வளையம் அவர் கையிலேயே இருந்தது. அதோடு மறுநாள் வேலைக்கும் போனார்.

இரண்டு நாள் அவர் சரியாகப் பேசவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. எனக்கும் காரணமில்லாமல் அழுகை வந்தது, நான் கெட்டவளோ என்று தோன்றியது. மூன்றாம் நாள் ராத்திரி அவர் சொன்னார்: “நான் இன்னும் உள்ளேயேதான் இருக்கேன் போலிருக்கு.” அப்போதுதான் அவர் மணிக்கட்டைப் பார்த்தேன். துண்டை விரித்து, தண்ணீர் கொடுத்து, வளையத்தைக் கழற்றி, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் என் தோளில் சாய்ந்து வெகுநேரம் அழுதார்.

இந்த இறக்கத்துக்கு ஆங்கிலத்தில் டிராப் என்று பெயர். விளையாட்டின் உச்சம் வடிந்த பிறகு வரும் சோர்வு; சிலருக்கு அன்றைக்கே, சிலருக்கு இரண்டு மூன்று நாள் கழித்து. ஆளுகிறவருக்கும் வரும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. அதனால் மூடும் சடங்கைத் திறக்கும் சடங்கை விடவும் சின்னதாக, எந்த அவசரத்திலும் செய்யக்கூடியதாக வையுங்கள். எங்களுடையது மூன்றே செயல்: வளையம் கழற்றுவது, பெயர் சொல்லி அழைப்பது, “நீ வந்துட்டியா?” என்று கேட்பது. அவர் “வந்துட்டேன், நீ?” என்று பதிலுக்குக் கேட்க வேண்டும். அந்த “நீ” வந்தால்தான் முடிந்தது. வீடு தீப்பிடித்தாலும் இதற்குப் பத்து வினாடி போதும்.

பிறகு போர்வை, தண்ணீர், இனிப்பாக ஏதாவது, பக்கத்தில் ஒரு உடம்பு. ஆஃப்டர்கேர் என்று சொல்வது இதைத்தான். தொட்டால் பிடிக்குமா, தனியாக விட்டால் பிடிக்குமா என்று முன்பே கேட்டு வையுங்கள். எல்லோருக்கும் அணைப்பு வேண்டியிருக்காது.

பக்கத்து வீடு ஒட்டியே இருந்தால் சத்தத்தையும் யோசியுங்கள். அலறல் கேட்டால் இந்த ஊரில் யாராவது காவல் வண்டியைக் கூப்பிடுவார்கள். கூப்பிடவும் வேண்டும், அது நல்ல அண்டை வீட்டுக்காரரின் வேலை. வாசல் அலாரத்தின் அவசரப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் துண்டை விரியுங்கள்.

யாரிடம் விலகி நிற்க வேண்டும்

முதல் சந்திப்பிலேயே சத்தியம் வாங்குகிறவர், காலர் நீட்டுகிறவர். “உண்மையில் அடங்குகிறவளுக்கு நிறுத்துச் சொல் தேவையில்லை” என்கிறவர். சடங்கு என்ற பெயரில் உங்கள் போனையும் சம்பளத்தையும் வாங்கி வைத்துக்கொள்கிறவர். இவர்களோடு பேசிப் புரியவைக்க முயல வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள். முதல் சந்திப்பு பொது இடத்தில், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்த ஒரு தோழியோ தோழனோ போன் முனையில்.

இருவர் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தப் பத்திரம் அழகான சடங்கு, எங்களிடமும் ஒன்று உண்டு. சட்டத்தின் கண்ணில் அதற்கு மதிப்பில்லை. பாலியல் குற்றங்கள் குறித்த 2007-ஆம் வருடச் சட்டம், வற்புறுத்தல் இல்லாமல் தன் விருப்பத்தோடு தரப்படுவதைத்தான் சம்மதம் என்கிறது. நேற்று போட்ட கையெழுத்து இன்றைய சம்மதம் ஆகாது. பலமான காயம் ஏற்பட்டால் சம்மதித்தார் என்று சொல்லித் தப்பவும் முடியாது. அந்தரங்கப் படங்களைச் சம்மதமில்லாமல் பகிர்வது, 2020-ஆம் வருட சைபர் குற்றச் சட்டப்படி குற்றம். என் ஆலோசனை, படமே எடுக்காதீர்கள். விளையாட்டு என்ற பெயரில் யாராவது உங்களைத் துன்புறுத்தினால் 0800 428 428 என்ற அரசின் இலவச எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். நீயே கேட்டு வாங்கியதுதானே என்று யாராவது சொன்னால் அதை நம்பாதீர்கள்.

இரண்டு நாள் கழித்து

மறுநாள் ஒரு போன், இரண்டு நாள் கழித்து ஒரு பேச்சு. இதையும் சடங்காகவே வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விட்டுப்போகும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரையில் நடந்துகொண்டே பேசுவோம். எது பிடித்தது, எது நெருடியது, அடுத்த முறை எதை எடுத்துவிடலாம் என்று. முகம் பார்க்காமல் பக்கத்தில் நடக்கும்போது சில விஷயங்கள் எளிதாக வாயில் வரும். போன ஞாயிறு அவர் சொன்னது: தண்ணீரை இனிமேல் நான் முதலில் குடிக்க வேண்டுமாம், அவர் மிச்சத்தைக் குடிக்கிறாராம். எதற்கு என்று கேட்டேன். “உனக்கும் நடுங்குது, நான் பார்த்தேன்” என்றார்.